கீழே பார்க்காத விமானிகள்

பிளாக்ஹாக்கின் கதை தரையில்தான் தொடங்குகிறது. 'மிலிட்டரி காமிக்ஸ்' முதல் இதழ், 1941 ஆகஸ்ட் என்று தேதியிட்டது. அமெரிக்கா இன்னும் போருக்குள் வரவில்லை. போலந்து வானத்தில் ஒரு விமானி ஜெர்மானியப் படையோடு மோதி வீழ்த்தப்படுகிறான். ஒரு பண்ணை வீட்டுப் பக்கமாக அவன் விமானம் விழுகிறது. அவனை வீழ்த்திய கேப்டன் வான் டெப்புக்கு அது போதவில்லை, அந்த வீட்டையும் குண்டு போட்டு அழிக்கிறான். விமானி எழுந்து இடிபாடுகளுக்குள் போய்ப் பார்த்தால், உள்ளே கிடப்பது அவன் உடன்பிறந்தவர்கள். அங்கிருந்து எழுந்து வருபவன் பெயர் இழந்தவன். இனி அவன் பிளாக்ஹாக் மட்டும்தான். ஒரு ரகசியத் தீவு, பல நாட்டு விமானிகள் சேர்ந்த ஒரு படை, கறுப்பு விமானங்கள், பறக்கும்போது பாட ஒரு பாட்டு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் குதூகலம்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த இடிபாட்டுக் காட்சியால்தான். வானத்திலிருந்து விழும் குண்டு கீழே என்ன செய்யும் என்று அந்த ஒரு இடத்தில் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் அந்தக் கண் கீழே திரும்புவதே அபூர்வம். பிளாக்ஹாக் மட்டுமில்லை, ஏர்பாய், ஸ்கைவுல்ஃப், 'விங்ஸ் காமிக்ஸ்' நாயகர்கள் என்று அந்தக் காலத்து விமானக் காமிக்ஸ் மொத்தமும் மேலேயே பறந்துகொண்டிருந்தது. ஏன் அப்படி? இந்த வகையின் அழகும் அதன் பொய்யும் இந்த ஒரே கேள்விக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் காமிக்ஸின் 'பொற்காலம்' என்று சொல்வது 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்ததிலிருந்து 1950-களின் தொடக்கம் வரையிலான காலம். பத்து சென்ட் விலை, அறுபத்து நான்கு பக்கம், மட்டமான தாள், நான்கு வண்ணம். படிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். போர் வந்த பிறகு படை முகாம்களில் இருந்த இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

போர் வந்ததும் சூப்பர் ஹீரோக்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. மலையைத் தூக்குகிற ஒருவன் இருக்கும்போது ஹிட்லர் எப்படி இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறான்? வாசிக்கிற பையனின் அண்ணன் நிஜமாகவே ஒரு கப்பலில் இருக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? விமானிக்கு இந்தச் சங்கடமே கிடையாது. அவன் மனிதன். ஆனால் பறக்கிறான். சூப்பர்மேன் செய்வதில் பாதியை அவன் ஒரு இயந்திரத்தின் துணையோடு செய்துவிடுகிறான். தோட்டா பட்டால் சாவான் என்பதால் அவனுடைய வீரத்துக்கு மதிப்பும் கூடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் முக்கியமானது. இருபதாம் நூற்றாண்டுப் போரில் முகம் இல்லை. பதுங்குகுழி, பீரங்கி, விஷவாயு என்று யார் யாரைக் கொன்றார்கள் என்றே தெரியாத சாவுதான் முதல் உலகப் போரின் சாவு. அதில் முகத்தோடு மிஞ்சியவர்கள் விமானிகள் மட்டும்தான். ரிக்டோஃபன் போன்றவர்களின் பெயர் எதிரிப் படையிலும் மரியாதையோடு பேசப்பட்டது. ஒருவனுக்கு எதிரே ஒருவன், திறமைக்கு எதிரே திறமை. பழைய குதிரைவீரன் கதையை இயந்திர யுகத்துக்குக் கொண்டுவர இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? 1930-களின் மலிவுவிலைக் கதைப் பத்திரிகைகள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. காமிக்ஸ் அவற்றின் நேரடி வாரிசு.

ஆனால் இரண்டாம் உலகப் போரின் வானம் அந்தக் குதிரைவீரனின் வானம் இல்லை. அது குண்டுவீச்சு விமானங்களின் வானம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். ஒரு அமெரிக்க பி-17 விமானத்துக்குள் பத்துப் பேர் குளிரில் நடுங்கியபடி, ஆக்ஸிஜன் குழாயைக் கடித்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு ஊரின் மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்கள், அதாவது திரும்ப முடிந்தவர்கள். காமிக்ஸுக்கு இந்த விமானம் பிடிக்கவில்லை. அதற்குச் சண்டை விமானம்தான் வேண்டும். ஒரு ஆள், ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு துப்பாக்கி பொத்தான். சண்டை விமானத்தின் இலக்கு இன்னொரு விமானம், குண்டுவீச்சு விமானத்தின் இலக்கு ஒரு ஊர். எந்த விமானத்தை வரைவது என்று தேர்ந்தெடுத்தபோதே எதைக் காட்டாமல் விடுவது என்பதும் முடிவாகிவிட்டது.

2

இந்தத் தேர்வுக்கு வெறும் அரசியலை மட்டும் காரணம் சொன்னால் அது அரைகுறை வாசிப்பு. காமிக்ஸ் என்ற ஊடகத்துக்கே வானம் பிடிக்கும்.

ஒரு தெருச்சண்டையை வரைய வேண்டும் என்றால் தெருவை வரைய வேண்டும். ஜன்னல், விளக்குக்கம்பம், பெயர்ப்பலகை, வேடிக்கை பார்க்கிற கூட்டம். பக்கக் கணக்கில் கூலி வாங்குகிற ஓவியனுக்கு இதெல்லாம் நேரம். வானத்தில் எதுவுமே இல்லை. இரண்டு மேகம் போதும், ஒரு கோடு போட்டால் வேகம். வெற்றிடத்தில் ஒரு விமானத்தை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பலாம். மேல் எது கீழ் எது என்ற கட்டாயம் இல்லாததால் கட்டத்தின் நான்கு ஓரங்களும் சமமாகிவிடுகின்றன. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் பாய்கிற விமானம் அடுத்த கட்டத்தில் உங்கள் முகத்துக்கு நேரே வரும். சினிமாவில் அந்தக் காலத்தில் இதைச் செய்யப் பெரிய செலவு பிடிக்கும். இங்கே ஒரு தூரிகையும் ஒரு மைக்கூடும் போதும்.

தினசரிகளில் வந்த படத்தொடர்களில் இந்த வித்தையை முதலில் ஆழமாகக் கற்றவர் நோயல் சிக்கிள்ஸ். 1930-களின் நடுவில் 'ஸ்கார்ச்சி ஸ்மித்' என்ற விமானித் தொடரை வரைந்தார். கோட்டுக்குக் கோடு விவரம் சேர்ப்பதை விட்டுவிட்டு, கறுப்பைத் திட்டுத்திட்டாக வைத்து ஒளியையும் நிழலையும் கொண்டே ஒரு விமானத்தை எழுப்பிவிடுவார். அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த மில்டன் கேனிஃப் அந்த முறையை எடுத்துக்கொண்டு 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' தொடரில் உச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு வந்த ஒரு தலைமுறை அமெரிக்க ஓவியர்கள் கேனிஃபைப் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டார்கள்.

காமிக்ஸ் புத்தகங்கள் பக்கம் வந்தால், 1942 முதல் பிளாக்ஹாக்கை வரைந்த ரீட் கிராண்டால். அவர் வரைந்த ஒரு பக்கத்தையாவது தேடிப் பாருங்கள். உடம்புகளின் எடை, துணியின் மடிப்பு, கும்பலாக ஏழு பேர் ஒரே கட்டத்துக்குள் பாய்கிறபோதும் யாருடைய கால் யாருடையது என்று குழம்பாத தெளிவு. பிளாக்ஹாக் படையின் விமானம் கிரம்மன் எக்ஸ்எஃப்5எஃப் ஸ்கைராக்கெட்டை ஒட்டியது. இரட்டை எஞ்சின், மூக்கு இறக்கைக்கு முன்னால் நீளாமல் மொட்டையாக நிற்கும் விசித்திர வடிவம். நிஜ உலகில் அதில் ஒரே ஒரு மாதிரி விமானம்தான் கட்டப்பட்டது, உற்பத்திக்கே போகவில்லை. காமிக்ஸில் அது ஒரு படையாகப் பறந்தது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். கடற்படை ஒதுக்கிவிட்ட கனவை பத்து சென்ட் புத்தகம் தத்தெடுத்துக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பக்கங்களில் உண்மையான சந்தோஷம் இருக்கிறது. பறத்தல் என்பது மனிதனுக்கு அப்போது இன்னும் பழகாத ஒன்று. லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆச்சரியம் மையில் தெரிகிறது. இதை ரசிக்கத் தெரியாமல் செய்கிற விமர்சனத்தை நான் நம்ப மாட்டேன்.

3

சரி, யாருக்கு விமானம் கிடைக்கிறது?

பிளாக்ஹாக் படையில் ஒரு பிரெஞ்சுக்காரன் உண்டு, ஒரு டச்சுக்காரன், ஒரு போலந்துக்காரன், ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஒருவன், ஒரு அமெரிக்கன். ஒவ்வொருவனும் கொச்சை ஆங்கிலத்தில் தன் தேசத்தைப் பேசிக்காட்டுவான். நாடிழந்தவர்கள் சேர்ந்து ஒரு நாடாகிற இந்தக் கற்பனை 1941-இல் நிஜமாகவே துணிச்சலானது. பிரிட்டிஷ் விமானப்படையில் போலந்து, செக் விமானிகள் அப்படித்தான் பறந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அதே படையில் சாப்-சாப் என்று ஒருவனும் இருக்கிறான். சீனன். சமையல்காரன். துருத்திய பல், குட்டை உடம்பு, பின்னல் குடுமி, கையில் வெட்டுக்கத்தி. மற்றவர்கள் மனிதர்களாக வரையப்பட்டிருக்க, இவன் மட்டும் கேலிச்சித்திரம். ஒரே கட்டத்துக்குள் கிராண்டாலின் கச்சிதமான உடற்கூறும் இந்தப் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்கே உறுத்தும். மற்றவர்களுக்குச் சீருடை உண்டு, இவனுக்கு இல்லை. அவர்களுக்கு ஆளுக்கொரு விமானம், இவன் பிளாக்ஹாக்கின் விமானத்தில் தொற்றிக்கொண்டு வருவான்.

சீனா அப்போது அமெரிக்காவின் நேச நாடு. 1937-இலிருந்து ஜப்பானிய விமானங்களின் குண்டுகளை வாங்கிக்கொண்டிருந்த நாடு. சீனர்கள் அமெரிக்காவில் குடியேறத் தடைவிதித்த சட்டமே 1943 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. அந்த வரலாறு முழுவதும் ஒரு சின்ன விவரத்துக்குள் இருக்கிறது: அவனுக்கு விமானம் கொடுக்கவில்லை. 1980-களில் வந்த மறுஆக்கங்கள் அவனுக்கு மரியாதையும் முழுப்பெயரும் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்துகொண்டன. பழைய பக்கங்களில் அவன் இன்னும் பின்சீட்டில்தான் இருக்கிறான்.

ஏர்பாய் தொடருக்கு வருவோம். 1942 நவம்பர் தேதியிட்ட 'ஏர் ஃபைட்டர்ஸ் காமிக்ஸ்' இரண்டாம் இதழில் அறிமுகமான சிறுவன். மடாலயத்தில் வளர்ந்தவன். அங்கிருந்த ஒரு துறவி வௌவால்போல இறக்கை அடிக்கும் விமானம் ஒன்றைக் கட்டிவிட்டு இறந்துபோக, அது இவன் கைக்கு வருகிறது. விமானத்தின் பெயர் பேர்டி. கூப்பிட்டால் வரும். அடுத்த ஆண்டு அந்தத் தொடரில் வால்கெரி வந்தாள். ஜெர்மானியப் பெண் விமானி, நாஜிகளுக்காகப் பறப்பவள், கதை முடிவதற்குள் இந்தப் பக்கம் சேர்ந்துவிடுகிறாள். எதிரிக்கும் மனசாட்சி உண்டு என்று போர் நடக்கும்போதே ஒரு சிறுவர் புத்தகம் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். அழகான ஐரோப்பிய முகத்துக்குக் கிடைத்தது. அந்தக் காலத்துக் காமிக்ஸில் ஜப்பானிய விமானிக்குப் பொதுவாகக் கிடைத்தது மஞ்சள் மையும் கோரைப்பல்லும்தான்.

வால்கெரியின் முதல் கதையை வரைந்தவர் ஃப்ரெட் கிடா. நியூயார்க்கில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். கிடா கிழக்குக் கரையில் இருந்தார், வரைந்துகொண்டிருந்தார். எதிரி மனம் மாறுகிற கதைக்கு இந்தப் போரில் இவரைப் போன்ற ஒருவரின் கை அமைந்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் அவர் மனதுக்குள் புகுந்து எதையும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

4

எதைக் காட்டாமல் விடுகிறோமோ அது வேறு உருவத்தில் வந்து நிற்கும். இந்த வகைக்கும் அதுதான் நடந்தது.

1942 டிசம்பர் 'ஏர் ஃபைட்டர்ஸ்' இதழில், ஸ்கைவுல்ஃப் என்ற விமானியின் கதைக்குள் ஒரு வினோதமான பாத்திரம் வருகிறது. பெயர் ஹீப், அதாவது குவியல். எழுதியவர் ஹாரி ஸ்டைன், வரைந்தவர் மோர்ட் லீவ். முதல் உலகப் போரில் பறந்த ஜெர்மானியப் பிரபு ஒருவன் போலந்தின் சதுப்பு நிலம் ஒன்றில் வீழ்த்தப்படுகிறான். அவனுக்குச் சாக மனமில்லை. உடம்பு அழுகுகிறது, சேற்றோடும் பாசியோடும் வேரோடும் கலக்கிறது. வருடக்கணக்காகக் கிடந்து, பாதி செடி பாதி பிணமாக எழுந்து வருகிறான். பேச்சு இல்லை, முகம் இல்லை, யார் பக்கம் என்ற நினைவும் இல்லை. பின்னாளில் வந்த 'ஸ்வாம்ப் திங்' போன்ற சதுப்புநிலப் பாத்திரங்களுக்கெல்லாம் மூதாதை இவன்தான்.

காமிக்ஸ் வரலாற்று ஆசிரியர்கள் ஹீப்பைத் திகில் காமிக்ஸின் கணக்கில் எழுதுவார்கள். நான் அவனை விமானக் காமிக்ஸின் கணக்கிலேயே வைத்துப் பார்க்கிறேன். விமானிகளின் புத்தகத்தில்தானே பிறந்தான்? மற்ற விமானிகள் விழுந்தால் ஒரு புகைக்கோடு, கட்டத்துக்கு வெளியே ஒரு சத்தம், அத்தோடு முடிந்தது. இவன் ஒருவன்தான் விழுந்து, தரையைத் தொட்டு, மண்ணோடு மண்ணாகி, அந்த மண்ணையே உடம்பாக்கிக்கொண்டு திரும்பி வருகிறான். புத்தகம் முழுக்கக் காட்ட மறுத்த தரை, எழுந்து நடந்து கதைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

ஏர்பாயின் எதிரிகளில் மிசரி என்ற ஒருவனும் உண்டு. செத்த விமானிகளின் ஆன்மாக்களைப் பொறுக்கிச் சேர்த்து, அழுகிப்போன ஒரு பறக்கும் கல்லறையில் சுமந்து திரிபவன். அவன் நாஜியும் இல்லை, ஜப்பானியனும் இல்லை. எந்தப் பக்கத்துக் கொடி பறந்தாலும் அவனுக்கு வரவேண்டியது வந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன்கள் படிக்கிற புத்தகத்தில் போரின் கணக்குப்பிள்ளையாக இப்படி ஒருவனை வைத்தது யாருடைய புத்தியோ தெரியாது, ஆனால் அது சரியான புத்தி.

5

கேனிஃப் கீழே இறங்கிய ஒரு நாளும் உண்டு. 1943 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். சீனாவில் சாகசம் தேடி வந்த சிறுவன் டெர்ரி, தொடரோடு சேர்ந்து வளர்ந்து இப்போது விமானியாகிவிட்டான். அவன் கர்னல் ஃபிளிப் கார்கின் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு மாலைநேர விமானத்தளத்தில் நடக்கிறார். பக்கம் முழுக்க அவ்வளவுதான், நடையும் பேச்சும். சண்டை கிடையாது. இந்த விமானத்தை நீ தனியாக ஓட்டவில்லை என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். கட்டியவர்கள், சோதித்தவர்கள், பழுது பார்ப்பவர்கள், எரிபொருளைச் சுமந்து வந்தவர்கள் எல்லோரும் உன்னோடு பறக்கிறார்கள் என்கிறார். இந்தப் பக்கம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

நல்ல பக்கம். தனி வீரன் என்ற பிம்பத்தை உடைத்துவிட்டு, தரையில் நிற்கிறவர்களை உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் அது பார்க்கிற தரை நம்முடைய தரை. ஓடுபாதை, பட்டறை, நம் ஆட்கள். விமானம் போய்ச் சேருகிற இடத்துத் தரை அந்தப் பேச்சில் இல்லை.

ஃபிளிப் கார்கினுக்கு நிஜ மாதிரி கேனிஃபின் கல்லூரி நண்பர் ஃபிலிப் காக்ரன். அவர் 1944 மார்ச்சில் அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து பர்மாவின் காட்டுக்குள் கிளைடர்களை அனுப்பிய அமெரிக்க வான்படைப் பிரிவின் தலைவர். இந்த இடத்தில் கதை நம் ஆட்களின் பக்கம் வந்துவிடுகிறது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதற்குப் பிறகு பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வட்டிக்கடைக் கணக்கர்கள், துறைமுகக் கூலிகள், வயல்கூலிகள். காட்டிலும் மழையிலும் காலராவிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. அமெரிக்க ஓவியனுக்குச் சாகசமான அதே பர்மா வானத்துக்குக் கீழேதான் இவர்கள் நடந்தார்கள்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அந்தப் போரைத் தென்கிழக்காசியத் தெருவிலிருந்து பார்த்த நாவல். அதில் போர் என்பது கடை சாத்துவது, விலை ஏறுவது, யார் ஆட்சி என்று தெரியாமல் நிற்பது. கேனிஃபையும் சிங்காரத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே போரை இரண்டு உயரங்களிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

இதை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய பிளாக்ஹாக் பக்கங்களை போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் கீறியிருக்கிறாங்கள். ஆனா நாங்கள் பிளேனை இந்தப் பக்கத்தால பாத்ததில்லையே. எங்களுக்குச் சத்தம்தான். சத்தத்த வச்சே சொல்லிப்போடுவம், இது பொம்மர், இது ஹெலி எண்டு. கிபிர் எண்டா சத்தம் கேக்கிறதுக்கு முன்னமே போயிடும். பங்கருக்குள்ள இருந்துதான் கேப்பம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படம் நன்றாக இருந்ததையும் மறுக்கவில்லை. விமானத்தை மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது உருவம், கீழிருந்து பார்க்கிறவனுக்கு அது ஓசை. காமிக்ஸில் ஓசைக்கு எத்தனையோ எழுத்துகள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் எல்லாமே சுடுகிறவனின் பக்கம் கேட்கிற ஓசை.

6

'அது சின்னப்பசங்க புஸ்தகம், அதுல போய் அறத்தைத் தேடலாமா' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாஜிகளை எதிர்க்க வேண்டியிருந்தது, உற்சாகம் தேவைப்பட்டது. இந்தப் புத்தகங்களை உருவாக்கியவர்களில் பலர் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு வெறும் செய்தி இல்லை. பிளாக்ஹாக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான வில் ஐஸ்னரும் அப்படித்தான். அவர்களுடைய கோபத்தைக் குறைசொல்ல நான் யார்?

ஆனால் என் கேள்வி அந்தக் கோபத்தைப் பற்றியது இல்லை, வடிவத்தைப் பற்றியது. வடிவத்தால் முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. முதல் பிளாக்ஹாக் கதை அதைச் செய்தது. அந்தப் பண்ணை வீடு இருக்கிறது. அடுத்த நாலு வருடத்தில் ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் டோக்கியோவிலும் எத்தனையோ வீடுகள் அதே மாதிரி ஆயின. டோக்கியோவில் 1945 மார்ச் 9 இரவு தொடங்கிய ஒரே ஒரு தாக்குதலில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அந்த வீடுகளின் இடிபாட்டுக்குள் நடந்துபோகிற விமானி யாரையும் இந்தப் புத்தகங்களில் நான் பார்க்கவில்லை. வான் டெப் செய்தால் அது குற்றம் என்று காட்டிய அதே கண், பிறகு மூடிக்கொண்டது.

அந்தக் கண்ணை மறுபடி திறந்தவர் ஹார்வி கர்ட்ஸ்மன். கொரியப் போர் நடந்தபோது இ.சி. நிறுவனத்துக்காக 'டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்', 'ஃபிரண்ட்லைன் காம்பட்' என்ற இரண்டு போர் இதழ்களை நடத்தினார். பிரமாதமான விமானக் கதைகள் அதில் உண்டு. அலெக்ஸ் டோத் வரைந்த 'தண்டர்ஜெட்!' 1952-இல் வந்தது. விமானியே கதை சொல்கிறான், எதிரியின் மிக் விமானம் தன்னுடையதைவிட வேகமானது என்ற பயத்தோடு. குதிரைவீரன் போய்விட்டான், மிஞ்சியிருப்பது வேலைக்குப் போகிற ஒரு மனிதன்.

அதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு வந்த 'ஆட்டம் பாம்!'. வாலஸ் வுட் வரைந்தது. நாகசாகி. கதை விமானத்துக்குள் நடக்கவில்லை, கீழே இருக்கிற சாதாரண ஜப்பானியர்களோடு நடக்கிறது. அமெரிக்கா ஜெயித்து எட்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. அடுத்த போர் நடந்துகொண்டிருக்கிறது. பத்து சென்ட் புத்தகம், அதே மட்டமான தாள், அதே வயது வாசகர்கள். ஜப்பானிய முகங்களுக்குக் கோரைப்பல் இல்லை. வெறும் முகங்கள்.

எனவே 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்ற சமாதானம் செல்லாது. அந்தக் காலத்திலேயே வேறு மாதிரியும் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

7

பிறகு இந்தக் காமிக்ஸ்களுக்கு மியூசியமும் வந்தது. 1963-இல் ராய் லிக்டென்ஸ்டைன் ஒரு போர் காமிக்ஸ் கட்டத்தைப் பெரிதாக்கி 'வாம்!' என்ற ஓவியமாக்கினார். ஒரு விமானம் சுடுகிறது, இன்னொன்று வெடிக்கிறது, நடுவில் மஞ்சள் எழுத்தில் ஓசை. அவர் எடுத்தது 1962-இல் இர்வ் நோவிக் வரைந்த ஒரு கட்டத்தை. நோவிக்குக்கு அதில் புகழும் இல்லை, பணமும் இல்லை என்ற பழைய வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். காமிக்ஸின் சாரம் என்று உயர்கலை தேர்ந்தெடுத்ததும் தரை இல்லாத அந்த ஒரு கட்டத்தைத்தான்.

நம்முடைய காலத்துக்கு வந்தால், 2022-இல் உலகமே கைதட்டிப் பார்த்த 'டாப் கன்: மேவரிக்' படத்தில் எதிரி எந்த நாடு என்றே சொல்லவில்லை. எதிரி விமானிகளின் முகம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால். எண்பது வருடத்தில் கேலிச்சித்திரம் போய்விட்டது, நல்லதுதான். அந்த இடத்தில் எதுவுமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எந்த ஊரின் மேல் குண்டு விழுகிறது என்று தெரியாவிட்டால் கீழே பார்க்க வேண்டிய அவசியமே வராது. நானும் தியேட்டரில் சீட்டு நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அந்தப் பரவசத்தின் வம்சாவளி பிளாக்ஹாக்கிலிருந்து வருகிறது என்பது தெரிந்துகொண்டே பார்த்தேன்.

ஏர்பாயின் பழைய இதழ்கள் காப்புரிமை கடந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஜிட்டல் காமிக் மியூசியம் தளத்தில் தேடினால் வரும். ஆர்வம் இருந்தால் இந்த வரிசையில் படியுங்கள்: முதலில் ஹீப் வருகிற ஸ்கைவுல்ஃப் கதை, அடுத்து வால்கெரி அறிமுகமாகிற கதை, பிறகு எங்காவது கிடைத்தால் கர்ட்ஸ்மனும் வுட்டும் செய்த நாகசாகிக் கதை. கிராண்டாலின் விமானங்களையும் ஆசை தீரப் பாருங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் அடிக்கோட்டுக்குக் கீழே என்ன இருந்திருக்கும் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். வயலாக இருக்கலாம், சந்தையாக இருக்கலாம். ஒரு பண்ணை வீடாகவும் இருக்கலாம்.